பம்பரத்துக்கு இரண்டு சாட்சி

நகரப் பேருந்து ஓட்டும் பெண் ஒருத்தி, மனைவியை இழந்த ஒரு கப்பல் மெக்கானிக்கைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவரோடு ஆறு வயதுப் பெண்குழந்தையும் வந்து சேர்ந்தது. ஓர் இடத்தில் கால் தரிக்காத அந்தக் குழந்தைக்கு வீட்டில் பம்பரம் என்று பேர். அது முதல் நாளே அவளைச் ‘சின்னம்மா’ என்று கூப்பிட்டது. கூப்பிட்ட கையோடு அவளுடைய சீருடைத் தொப்பியை மாட்டிக்கொண்டு மாடிப்படிக் கைப்பிடியில் சறுக்கி, முன்பல்லையும் உடைத்துக்கொண்டது.

இப்போது பம்பரத்துக்கு ஒன்பது வயது. காலையில் சாக்ஸ் எடுக்கப் போனால், ஆள் அலமாரிக்கு முன்னால் குப்புறப் படுத்து எறும்பு வரிசையைப் பார்த்துக்கொண்டிருக்கும். தண்ணீர் பாட்டிலைத் தொலைக்காத வாரம் கிடையாது. காணாமல் போன டிவி ரிமோட் ஒருநாள் ஃபிரிட்ஜில் ஜில்லென்று கிடந்தது. இதற்கெல்லாம் சின்னம்மா சிரிப்பாள். அவளுக்குச் சிரிப்பு வராத இடம் வீட்டுப்பாடம்தான். சமையலறை மேசையில் உட்கார்ந்தால் அரைப் பக்கம் எழுதுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். கணக்கு தெரியாமல் இல்லை. வாயால் கேட்டால் டக்கென்று விடை வரும். ஒருநாள் பென்சிலை விசிறி அடித்துவிட்டு அது அழுதது.

“நான் உக்காந்துட்டுதான் இருக்கேன் சின்னம்மா. என் மண்டை எழுந்து போயிடுது.”

சின்னம்மாவுக்குச் சுருக்கென்றது. பள்ளியில் எப்போதும் ஒரே பல்லவி: ‘வாலு, சோம்பேறி, வீட்டில் கண்டித்து வளர்க்கவும்.’ பணிமனையில் கூட வேலை பார்க்கும் ஒருத்தியின் மகனும் இப்படித்தான் இருந்தான். அது கவனம் ஓரிடத்தில் நிற்க விடாத ஏ.டி.எச்.டி. என்று கண்டுபிடித்த பிறகு அவன் நன்றாகத் தேறிவிட்டதாக அவள் சொல்லக் கேட்டு, சின்னம்மா அதே மருத்துவமனைக்குப் போன் செய்தாள். மாதக்கணக்கில் காத்திருந்து நாளும் வாங்கினாள்.

“உனக்குச் சரின்னு பட்டா செய்” என்றார் கணவர். “ஆனா அவ பெரியம்மா காதுக்குப் போச்சுன்னா நம்மள உண்டு இல்லைன்னு பண்ணிடுவாங்க.”

பெரியம்மா என்றால் இறந்துபோன தாயின் அக்கா. பக்கத்துத் தெருவில் தையல்கடை வைத்திருந்தாள். புதிதாய் வந்தவளை முதுகுக்குப் பின்னால் ‘பஸ்காரி’ என்பாள். நேரில் பார்த்தால் ‘வாங்க, போங்க’ என்று மரியாதையாலேயே எட்ட நிறுத்துவாள்.

அவள் காதுக்குப் போகாமல் காரியத்தை முடித்துவிடத்தான் சின்னம்மாவும் நினைத்திருந்தாள். ஆனால் டாக்டர் போனில் வேறு மாதிரி சொன்னார்.

“சின்னக் குழந்தையா இருந்தப்போ எப்படி இருந்தான்னு தெரிஞ்சவங்க ஒருத்தர் வரணும்மா. இது இப்ப வந்த பழக்கமா, ஆரம்பத்துலேர்ந்தே இருக்கான்னு நாங்க பாக்கணும்.”

அந்த வருடங்களில் கணவர் நடுக்கடலில் இருந்தார். பெற்றவளோ இல்லை. அவள் போன பிறகு, அப்பா கரைக்கு வேலை மாற்றிக்கொண்டு வரும்வரை குழந்தையை வைத்து வளர்த்தவள் பெரியம்மா. வேறு வழியில்லை. வேலை முடிந்ததும் சீருடையைக்கூட மாற்றாமல் சின்னம்மா தையல்கடைக்குப் போனாள்.

“வாங்க” என்றாள் பெரியம்மா, மெஷினை நிறுத்தாமலே. “என்ன தைக்கணும்?”

“தைக்க வரல அக்கா. பம்பரத்தைப் பத்திப் பேசணும்.”

விஷயத்தைக் கேட்டதும் மெஷின் நின்றது.

“தாயில்லாப் பிள்ளைக்குப் பைத்தியம்னு பட்டம் கட்டப் போறீங்களா? பெத்தவளா இருந்தா செய்வாளா இதை?”

சின்னம்மாவுக்கு முகம் சிவந்தது. இதைவிட மோசமாகத் திட்டிய பயணிகளை அவள் பார்த்திருக்கிறாள். அவர்களுக்குப் பதில் சொல்ல அவளுக்கு வாய் உண்டு. இங்கே அந்த வாயைக் கட்டிக்கொண்டாள்.

“பெத்தவ இருந்திருந்தா என்ன செய்வான்னு எனக்குத் தெரியாதுக்கா. பட்டம் கட்டுறது இப்பவே நடக்குது. சோம்பேறி, சோம்பேறின்னு பள்ளிக்கூடத்துல சொல்லிச் சொல்லி அவளே நம்ப ஆரம்பிச்சிட்டா. அதை என்னால பாத்துட்டு இருக்க முடியல.”

“என் தங்கச்சி பிள்ளை நல்லாத்தான் இருந்தா. எனக்கு ஒண்ணும் தெரியாது. கிளம்புங்க.”

சின்னம்மா வியாழக்கிழமை காலை என்று சொல்லி, மருத்துவமனைக்கு வழியும் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். வாசலைத் தாண்டியதும்தான் கண்ணில் நீர் முட்டியது.

வியாழக்கிழமை பம்பரத்தை உதவியாளர் ஒருவர் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போனார். திரையில் ஒரு குறிப்பிட்ட எழுத்து வரும்போது மட்டும் பொத்தானை அழுத்த வேண்டும். பெரியவர்களுக்கே கொட்டாவி வரும் சோதனை. இந்தப் பக்கம் டாக்டர் கேட்ட கேள்விகளுக்கு, “அப்போ நான் ஊர்லயே இல்ல டாக்டர்” என்று கணவரும், “நான் அப்புறம்தான் வந்தேன்” என்று சின்னம்மாவும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கதவு திறந்தது. கழுத்தில் அளவு டேப் தொங்க, மூச்சு வாங்க, பெரியம்மா நின்றாள். சின்னம்மா சட்டென்று எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தாள்.

“கேளுங்க டாக்டர், நான் சொல்றேன்” என்று பெரியம்மா ஆரம்பித்தாள். மூன்று வயதில் கையை உதறிக்கொண்டு சாலைக்கு நடுவே ஓடியது; ஒரு வாய் சாப்பிட வைக்க வீட்டை நாலு சுற்று சுற்ற வேண்டியிருந்தது; கடையில் நூல்கண்டையெல்லாம் நிறம் பிரித்து அடுக்கத் தொடங்கி, பாதியில் மறந்து, நூலுக்குள்ளேயே சிக்கிக்கொண்டது. சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு குரல் உடைந்தது.

“பாக்கிறவங்க எல்லாம் என் தங்கச்சியைத்தான் சொன்னாங்க. உனக்குப் பிள்ளை வளக்கத் தெரியலைன்னு. அவ அதை நம்பிட்டே செத்துப்போனா டாக்டர். நான் இதெல்லாம் வெளியில சொன்னா மறுபடியும் அவளைத்தானே சொல்வாங்க? அதான் வாயைத் திறக்கல.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “வளர்ப்புல குறை இருந்து இது வர்றதில்லம்மா. உங்க தங்கச்சி ஒரு தப்பும் பண்ணல. நீங்களும் பண்ணல, இவங்களும் பண்ணல.”

பெரியம்மா புடவைத் தலைப்பால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள். திரும்பிப் பார்த்து, “நீ ஏன் நின்னுட்டே இருக்க? இப்படி வந்து உக்காரு” என்றாள். ‘நீ’ என்று அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. சின்னம்மா மறுபேச்சு பேசாமல் அதே நாற்காலியின் விளிம்பில் ஒட்டிக்கொண்டாள்.

அந்தப் பக்கத்திலிருந்து பம்பரம் முகமெல்லாம் வேர்த்து வந்தது. “செம போர்! ஆனா நடுவுல எழுந்திருக்கவே இல்ல. மண்டை ஓடி ஓடிப் போச்சு, நான் இழுத்து இழுத்துட்டு வந்தேன்.” உதவியாளரும் ஆமாம் என்று தலையாட்டினார். சின்னம்மாவுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. யார் கண்ணுக்கும் தெரியாமல் இந்தப் பிள்ளை தினமும் வகுப்பில் இப்படித்தானே மல்லுக்கட்டியிருக்கும்!

அடுத்த முறை போனபோது டாக்டர் முடிவைச் சொன்னார். ஏ.டி.எச்.டி.தான். பாடத்தைச் சின்னச் சின்னதாகப் பிரித்துக் கொடுப்பது, வகுப்பில் இடம் மாற்றுவது, மருந்தைப் பற்றிப் பிறகு யோசிப்பது என்று நிதானமாக விளக்கினார். எல்லாவற்றையும் பம்பரத்தைப் பார்த்தே சொன்னார். அது காலை ஆட்டிக்கொண்டே கேட்டது.

“டீச்சர்கிட்ட நானே சொல்லட்டுமா?”

பள்ளிக்கு மூன்று பெரியவர்களும் போனார்கள். சின்னம்மா வழியெல்லாம் தயார் செய்துவைத்திருந்த பேச்சுக்கு வேலையே இல்லாமல் போயிற்று. பம்பரம் டீச்சருக்கு முன்னால் போய் ஒற்றைக்காலில் நின்றது.

“டீச்சர், நீங்க நாலஞ்சு வேலை சேத்துச் சொன்னா எனக்கு முதலும் கடைசியும்தான் நிக்குது. ஒண்ணொண்ணாச் சொல்லுங்க. ஜன்னல் பக்கம் வேணாம், முன்னாடி உக்காந்துக்கிறேன். நடுவுல ஒரு தடவை எழுந்து நடந்துட்டு வர விடுங்க. கணக்கெல்லாம் நான் போட்டுடுவேன்.”

டீச்சர் குனிந்து அதன் முகத்தைப் பார்த்தார். “இதை நீ முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா?”

“எனக்கே இப்பதானே டீச்சர் தெரியும்!”

டீச்சர் சிரித்துவிட்டார். அன்றே அதை முன்வரிசைக்கு மாற்றினார்.

வெளியே வந்ததும் அப்பா மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். ஒன்பது வயதுப் பிள்ளையைத் தூக்க அவருக்கு மூச்சு வாங்கியது. இறக்கிவிடத்தான் மனம் வரவில்லை. பின்னால் இரண்டு பெண்களும் சேர்ந்து வந்தார்கள்.

“என்னமா பேசுது பாத்தியா?” என்றாள் பெரியம்மா. “அப்படியே என் தங்கச்சி வாய்.”

“இருக்கும்க்கா” என்றாள் சின்னம்மா. “அந்தச் சத்தம் மட்டும் என்னோடது. ஹாரன் அடிக்கிற வீட்ல வளருதில்ல?”

பெரியம்மா நடுத்தெருவில் நின்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். முன்னால் போன இருவரும் என்னவென்று திரும்பிப் பார்த்தார்கள்.