சந்திரவல்லி போடாத கையெழுத்து

ராசிங்காபுரத்துச் சந்திரவல்லி உலோகவியலில் பட்டம் வாங்கி, 1983-இல் வேலைக்குச் சேர்ந்த கம்பெனி மூன்று மாதத்துக்கு முன்புவரை ஏலக்காய் மூட்டை அடுக்கும் கிட்டங்கியாக இருந்தது. முதலாளி ராஜாராம் போடியில் பேர்போன ஏலக்காய் வியாபாரி. பெங்களூரில் ஒரு விமானத் தொழிற்சாலைக்கு, சக்கரப் பகுதியில் மாட்டும் எஃகுப் பின் செய்து கொடுக்கும் ஆர்டர் அவருக்குக் கிடைத்திருந்தது. எப்படிக் கிடைத்தது என்று கேட்டால் சிரிப்பார்.

சந்திரவல்லியின் பதவி, பயிற்சித் தரப் பொறியாளர். அவளுக்குக் கீழே யாரும் இல்லை. மேலே எல்லோரும் இருந்தார்கள்.

பின்களை உலையில் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்க வேண்டும். பிறகு மிதமான சூட்டில் இன்னொரு தடவை இரண்டு மணி நேரம் வைத்துப் பதப்படுத்த வேண்டும்; இல்லையென்றால் எஃகு இறுகி எளிதில் ஒடியும். அந்த ஆடி மாதத்தில் ஒருநாள், எண்ணெயில் முக்கி எடுத்த கையோடு கரண்ட் போய்விட்டது. உலையைப் பார்த்துக்கொண்ட சவுகத் அலி சாயங்காலம் வரை காத்திருந்தார். நாளைக்கு லோடு போயாக வேண்டும் என்று முதலாளி சத்தம் போடவும், இரண்டாவது சூடு வைக்காமல் அப்படியே பெட்டியில் அடுக்கிவிட்டார்.

மறுநாள் காலையில் சந்திரவல்லி சோதித்துப் பார்த்துவிட்டு முதலாளியிடம் போனாள்.

“அறுநூறு பின்னும் தேறல, முதலாளி. அளவுக்கு மேல இறுகிக் கெடக்கு.”

“அளவுக்கு மேலயா? அப்ப நல்லதுதான தாயி? நூத்துக்கு நூத்திப்பத்து வாங்குனவனப் பெயிலாக்குவியா?”

அவள் ஒரு பின்னை வைஸ் இடுக்கியில் இறுக்கிச் சுத்தியலால் ஒரு போடு போட்டாள். முறுக்கு மாதிரிப் படக்கென்று ஒடிந்து, பாதித் துண்டு பறந்துபோய்ச் சுவர்க் காலண்டரைக் கிழித்தது.

ராஜாராம் கிழிந்த காலண்டரைப் பார்த்தார். “ஏரோப்பிளேன்ல ஏறி எவன் சுத்தியல வச்சு அடிக்கப் போறான்?”

“எறங்குறப்பத் தரையே அடிக்கும், முதலாளி.”

அன்றைக்கே தரம் பார்த்துக் கையெழுத்துப் போடும் ஆள் மாறினார். இருபது வருஷமாக ஏலக்காய் தரம் பிரித்த அமாவாசை அந்த நாற்காலியில் உட்காரவைக்கப்பட்டார். அவர் ஒரு பின்னை எடுத்துப் பழக்கதோஷத்தில் மூக்கருகே கொண்டுபோனார். பிறகு சங்கடத்தோடு சந்திரவல்லியைப் பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். லாரி கிளம்பியது. அவளை ஏலக்காய் எடை போடும் இடத்துக்கு அனுப்பினார்கள். பதிவேட்டில் சிவப்பு மையில் ‘நிராகரிக்கப்பட்டது’ என்று எழுதிவிட்டுத்தான் போனாள். வேலையை விட்டுவிடலாம் என்று தோன்றியது. ஆனால் அந்தப் பின்கள் எங்கேயோ போய்க்கொண்டிருந்தன. அந்த நினைப்புத்தான் அவளை அரித்தது.

மத்தியானம் ஆபீஸ் போன் அலறியது; அவளைக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். மதுரை விமான நிலையத்திலிருந்து முதலாளி.

“தாயி, மதறாசுக்கு மொதல் தடவையா பிளேன்ல போறேன். இப்ப ஒண்ணு வந்து எறங்குச்சு. சக்கரம் தரையில பட்டு என்னா குதி குதிக்குதுங்கற! நம்ம பின்னு இதுல இருக்குமா?”

“இருக்காது, முதலாளி. நம்ம லோடு இப்பத்தான் திண்டுக்கல் போயிருக்கும்.”

எதிர்முனையில் பெருமூச்சு கேட்டது. பிறகு, “நான் அடுத்த மாசமும் போகணுமே. அப்ப?”

“அது சொல்ல முடியாது, முதலாளி.”

போனே வெடித்துவிடும் போல ஒரு குரல்: “திண்டுக்கல் லாரி ஆபீசுக்குப் போனைப் போடு! வெரசா லாரிய நிப்பாட்டச் சொல்லு!”

லாரி திரும்பி வந்தது. ராஜாராமும் விமானம் ஏறாமல் பஸ்சில் திரும்பி வந்தார். ராத்திரி முழுக்கச் சும்மா கிடந்ததில் மயிரிழை வெடிப்பு விட்டிருக்கும், இனி உலையில் வைத்தாலும் தேறாது என்று சந்திரவல்லி எல்லாப் பின்களிலும் சிவப்புச் சாயம் பூசி, வெட்டிப் பழைய இரும்பில் போடவைத்தாள். அமாவாசை நிம்மதியோடு தன் ஏலக்காய்க்குத் திரும்பினார்.

லோடு தாமதமான காரணத்தை ராஜாராம் பெங்களூருக்கு எழுதிய கடிதத்தில், ‘அடியேன் நேரில் கண்டுபிடித்த குறை’ என்று இருந்தது. அவர்கள் பாராட்டி ஒரு சான்றிதழ் அனுப்பினார்கள். அதைக் கண்ணாடி போட்டு மாட்டிய அன்று அவர் அவளை அழைத்தார்.

“உன் வேலைய நிரந்தரமாக்கிறலாம்னு இருக்கேன், தாயி. வேற என்னா வேணும்? கேளு.”

“டீசல் ஜெனரேட்டரு ஒண்ணு வேணும், முதலாளி.”

“கேக்குறதப் பாரு!” என்று முகத்தைச் சுளித்தார். ஆனாலும் அடுத்த வாரம் வாங்கிவிட்டார். அது ஓடத் தொடங்கியதும் தெருவே அதிர்ந்தது. சவுகத் அலி எண்ணெயில் முக்கிய புதுப் பின்களை மறுபடி உள்ளே வைத்து உலைக் கதவைச் சாத்திவிட்டு, “இன்னும் எம்புட்டு நேரம், தாயி?” என்று கத்தினார்.

“ரெண்டு மணி நேரம், அண்ணே!” என்று அவளும் கத்தினாள்.