இல்லாத சிப்பாயை வெட்டிய ஆட்டம்

சென்ற ஆயுத பூசையன்று பனியன் கம்பெனி முதலாளி ரத்தினசாமி, சதுரங்கப் பலகையில் இல்லாத ஒரு சிப்பாயை வெட்டிப் பெட்டிக்குள் போட்டார். உள்ளே மரக்காய் விழும் சத்தம் கேட்டது. அனுப்பர்பாளையம் சாலையிலுள்ள அக்கம்பெனியில், பூசை முடிந்து பொரி வழங்கியபின் சதுரங்கப் போட்டி நடப்பது வழக்கம். இறுதி ஆட்டத்தில் முதலாளியை வெல்பவர் கேட்டது கிடைக்கும். ஒன்பது ஆண்டுகளாக எவரும் வென்றதில்லை. செக்கிங் பிரிவின் பதினாறு பெண்கள் நாள் முழுதும் நின்றபடியே துணியில் பழுது பார்ப்பவர்கள். அவர்களுள் மூத்தவரான மருதம்மாளின் கால் நரம்புகள் முடிச்சிட்டுப் புடைத்திருந்தன. இப்படியே நின்றால் தைக்குள் வேலையை விட நேரும் என்றிருந்தார். ஆகவே அதே பிரிவிலிருந்து இறுதிக்கு வந்த இந்துமதி, தான் வென்றால் பதினாறு ஸ்டூல்கள் வேண்டும் என்றாள்.

ஆட்டத்துக்கு முன் அவள் கைகள் பழக்கத்தால் காய்களையும் சோதித்தன. அவளுடைய சிப்பாய் ஒன்றில் விரிசல் இருந்தது. பழுதைக் காட்டும் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி அதை ரிஜெக்ட் கூடையில் போட்டவள், போட்டதையே மறந்து ஆட அமர்ந்தாள். அவள் அறிந்த தொடக்கம் கிங்ஸ் கேம்பிட் ஒன்றே. அதில் ராஜாவின் சிப்பாய் முதலில் இரண்டு கட்டம் செல்லும். அடுத்து, பக்கத்துச் சிப்பாய் எதிரிக்குத் தன்னையே இரையாகக் கொடுக்கும். இரண்டாம் நகர்த்தலில் அவள் விரல்கள் வெற்றுக் கட்டத்திலிருந்து எதையோ எடுத்து முன்னே வைத்தன. ரத்தினசாமியும் பழக்கத்தால் வெட்டிவிட்டார்.

"இப்ப நான் எதைய வெட்டுனேன், அம்மிணி?"

இந்துமதி கூடையைத் திரும்பிப் பார்த்தாள். "டேமேஜ் பீசுங்க. ரிஜெக்ட் ஆனது திரும்ப லைனுக்கு வரக்கூடாதுன்னு நீங்க சொன்னதுதானுங்க."

அதன்பின் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பெட்டியைக் குலுக்கினார், காய்களையெல்லாம் வெளியே எடுத்தபின்னும் அது கடகடத்தது. எழுந்து ஜன்னல்வரை நடந்தார், திரும்பினார், மீண்டும் குலுக்கினார். இருபத்தேழாம் நகர்த்தலில் அவருடைய ராஜாவுக்குப் போக இடமில்லை.

ஸ்டூல் நாளைக்கு வந்துவிடும் என்றார். ஐப்பசி கழிந்தது, கார்த்திகையும் கழிந்தது. பெண்கள் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்கள். மார்கழியில் ஒரு முற்பகல், மருதம்மாள் கையிலிருந்த பனியனை வைக்காமலே தம் மேசைக்குப் பின்னால் வெறுமையில் அமர்ந்தார். அது தாங்கிற்று. மற்ற பதினைந்து பேரும் அமர்ந்தார்கள்.

ரத்தினசாமி வந்து குனிந்து பார்த்தார். எதன்மேல் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டார்.

"செயிச்ச ஸ்டூலுங்க," என்றார் மருதம்மாள்.

அவர் இரண்டு முறை சுற்றிவந்தார். எதிலும் கால் இடறாதபடி விலகியே நடந்தார். தையில் பதினாறு இரும்பு ஸ்டூல்கள் டெம்போவில் வந்து இறங்கின. மேசைகளுக்குப் பின்னால் போட இடமில்லாததால், அவற்றை மாடிக் கோடவுனில் அடுக்கிவைத்தார்கள்.