சாய்த்து வைத்த வெயில்

ஓவியரின் அறையைக் காலி செய்த வாரம் அந்தத் தெருவில் யாரும் சாயங்காலம் விளக்குப் போடவில்லை. மாடி ஜன்னல் வழியாகப் பழைய வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டில் அதில் துணி காயப்போட்டார்கள். மின்சார அலுவலகத்து ஆள் வந்து மீட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் புரியாமல், வந்ததற்குத் தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

ஓவியருக்கு ஒரு பழக்கம். ஈரம் காயாத படத்தில் தூசி ஒட்டக்கூடாது என்று, அதன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிச் சாய்த்து வைப்பார். பிறகு சுத்தமாக மறந்துவிடுவார். அடுத்த படம் அதன்மேல் சாயும். இப்படியே முக்கால் அறையைப் படங்கள் அடைத்துக்கொண்டன. மீதி இடத்தை வறண்ட டியூப்களும் முடி கொட்டிய பிரஷ்களும் டர்பன்டைன் டப்பாக்களும் எடுத்துக்கொண்டன. ஒவ்வொரு படமும் தன்னைச் சாய்த்த நாளின் வெளிச்சத்தைத் தனக்கும் சுவருக்கும் நடுவே அடைத்து வைத்திருந்தது யாருக்கும் தெரியாது. அவருக்கே தெரியாது.

இதற்கிடையே அவர் கண் மங்கிக்கொண்டு வந்தது. மழைக்காலம் வரை தாங்கினால் பெரிசு என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்த வாரமே டப்பா தடுக்கி விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டார். அவர் மனைவி அன்றைக்கே பழைய சாமான்காரரை வரச் சொன்னாள்.

"எல்லாத்தையும் எடுத்துக்கோ. சுவரோரம் இருக்கற அந்த ஒண்ண மட்டும் விட்டுடு," என்றார் ஓவியர். "அதே வெளிச்சம் வரட்டும், முடிச்சிடறேன்."

பல வருடங்களாக இதைத்தான் சொல்லிவருகிறார். அந்தப் படத்தில் இருப்பது அவர்களுடைய ஒரே மகள். ஜன்னலோரம் முக்காலியில், மத்தியான வெயிலில் உட்காரவைத்து வரைந்தார். முகம் தவிர எல்லாம் முடிந்தது. மீதியை நாளைக்குப் பார்க்கலாம் என்று திருப்பிச் சாய்த்தார். மறுநாள் மேகம் போட்டது. மேகம் விலகுவதற்குள் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. அந்தக் காய்ச்சல் விலகவேயில்லை. ஓர் இடத்தில் நிற்காத பிள்ளை, எந்த போட்டோவிலும் முகம் சரியாக விழுந்ததில்லை. வீடு துடைக்கும்போது காலைத் தூக்கச் சொன்னால்கூட ஒரு தடவையில் தூக்காது. அந்த முகம் தனக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மறந்துகொண்டு வருவதை அந்தம்மாள் யாரிடமும் சொல்லவில்லை.

சாமான்காரர் முன்வரிசைப் படங்களை நகர்த்தினார். போன வருடத்து மழைநாள் ஒன்று சாம்பல் நிறத்தில் அவர் காலடியில் கொட்டியது. அடுத்த வரிசையின் பின்னால் ஒரு கோடை இருந்தது; வியர்த்துப் போனார். எந்த நேரத்தில் திறந்தாலும் அந்தப் பகல் தன் மிச்சப் பொழுதை எரித்துவிட்டுத்தான் அடங்கியது.

"இதையும் சேத்து எடை போடணுமாம்மா?"

"வெளிச்சத்துக்கு ஏதுப்பா எடை? நீ தூக்கு."

சொல்லிவிட்டு அந்தம்மாள் அப்படியே நின்றாள். விஷயம் அவளுக்குத்தான் முதலில் பிடிபட்டது.

"ஏங்க, பிரஷ்ஷக் கழுவுங்க. நீங்க ஜன்னலப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்த வெளிச்சம் அந்தப் படத்துக்குப் பின்னாலதான் இருக்கு."

ஓவியர் அந்தப் படத்தின் விளிம்பைத் தடவிப் பார்த்தார். "தொறந்தா ஒரு மத்தியானம்தான். அப்புறம் அதுவும் போயிடும்," என்றார்.

"கண்ணு இருக்கறப்பவே போகட்டும்."

படத்தை எடுத்தார்கள். மஞ்சள் வெயில் தரையோடு நகர்ந்து, முக்காலியில் ஏறி, அதற்கு மேலே வெறும் காற்றில் எதன்மீதோ பட்டு நின்றது. பட்ட இடம் நெற்றி. வளைந்த இடம் கன்னம். காதுக்குக் கீழே, அம்மா மறந்துபோயிருந்த மச்சத்தைக்கூட வெயில் விடவில்லை. முக்காலியில் யாரும் இல்லை. ஆனால் தரையில் விழுந்த நிழல் இரட்டைச் சடையோடு காலை ஆட்டிக்கொண்டிருந்தது. சாமான்காரர் சத்தம் போடாமல் படியில் போய் உட்கார்ந்துகொண்டார். ஓவியர் பிரஷ்ஷை எடுத்து வரைய ஆரம்பித்தார். வெயில் சிவந்து அடங்குவதற்குச் சற்று முன்னால் முகம் முடிந்தது. அந்தம்மாள் படத்தின் முன் உட்கார்ந்து, இத்தனை வருடம் அழாததையும் சேர்த்து அழுதாள்.

டாக்டர் சொன்னபடியே மழைக்காலத்தோடு ஓவியருக்குப் பார்வை போனது. அவர் அதைப் பற்றிக் குறை சொல்லவில்லை. அறையில் இப்போது ஒரு படமும் ஒரு முக்காலியும்தான் இருக்கின்றன. படம் அறையைப் பார்த்து மாட்டியிருக்கிறது. வெயில் போன பிறகும் நிழல் மட்டும் போகவில்லை. காலையில் எழுந்ததும், "இருக்காளா?" என்று ஓவியர் கேட்கிறார். "இருக்கா," என்று சொல்லிவிட்டு அந்தம்மாள் ஈரத்துணியோடு அறையைத் துடைத்துக்கொண்டு வருகிறாள். ஜன்னலோரம் வந்ததும், "காலத் தூக்கு," என்கிறாள். நிழல் தூக்கிக்கொள்கிறது. சில நாள் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கிறது.