மாண்டவர் மேட்டில் வைத்த கல்

சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர்க் கரட்டில் ஆடி மாதம் ஏறுகிறவனுக்குப் புத்தி இருக்காது. காற்று ஆளையே தள்ளும். எனக்கு நாற்பத்து மூன்று வயது, சர்க்கரை வேறு. ஆனாலும் ஏறினேன். அறுபதைத் தாண்டிய சின்னாயி அக்கா, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் போனார். எங்கள் கோழிப்பண்ணையில் அவர் வேலை செய்த காலத்தில் பேர் சொல்லித்தான் கூப்பிட்டேன். அக்கா என்று சொல்ல இப்போதுதான் வாய் வந்தது.

உச்சியில் இருப்பது மாண்டவர் மேடு. எந்தக் காலத்திலோ யாரையோ புதைத்து மேலே கல்லைக் குவித்திருக்கிறார்கள். ஊரில் வழக்கு தீராவிட்டால், அடிவாரத்தில் ஒரு வெள்ளைக் கல்லைப் பொறுக்கிக் கொண்டுபோய் அந்தக் குவியலில் வைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். பொய்யன் வைத்த கல்லைக் காற்று உருட்டிவிடும் என்பார்கள்.

இருபது வருடத்துக்கு முன்பு நான் வைத்தது பொய்க் கல்.

அது சித்திரை வெயில். கோழிப்பண்ணைக் கூரைக்குத் தண்ணீர் தெளிக்கும் மோட்டாரை மதியம் போட வேண்டும். "நான் பாத்துக்கறேன், நீ போய்ச் சோறு தின்னு" என்று சின்னாயி அக்காவின் புருஷன் செங்கோடனை அனுப்பிவிட்டு, கிரிக்கெட் பார்க்க உட்கார்ந்துவிட்டேன். மூன்று மணிக்குப் போனால் ஆயிரத்துச் சொச்சம் கோழி வாயைப் பிளந்து கிடந்தது. மோட்டாரைப் போடச் செங்கோடனிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன் என்று அப்பாவிடம் கூசாமல் சொன்னேன்.

செங்கோடன் மறுத்தார். அப்பா இருவரையும் மேட்டுக்கு அனுப்பினார். இரண்டு கல்லும் உருளவில்லை. அப்பா மகனை நம்பினார். செங்கோடன் குடும்பத்தோடு இளம்பிள்ளை என்ற ஊருக்குத் தறி ஓட்டப் போனார். கோழியைக் கொன்றவன் என்ற பேரும் கூடவே போனது.

போன மாதம் அவர் இறந்துபோனார். காரியம் முடிந்து சின்னாயி அக்காவிடம் போய் உண்மையைச் சொல்லி அழுதேன். அவர் என்னைத் திட்டவில்லை.

"அவரு இருக்கயில சொல்லியிருக்கோணுமுங்க தம்பி. இப்ப என்ன ஆவுது? போயி உங்க கல்ல எடுத்துப் போடுங்க. நானும் வாரேன், பாக்கோணும்."

உள்ளுக்குள் நிம்மதியாகத்தான் இருந்தது. யாருக்கும் தெரியாமல் ஒரு கல்லை எடுத்துவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தேன். அற்பன்.

பாதி வழியில் மூச்சு வாங்க நின்றபோது அக்கா சொன்னார்: "எங்கல்லு உருளலியே புள்ள, உருளலியேன்னு சொல்லிச் சொல்லித்தானுங்க அவரு மனசத் தேத்திக்கிட்டாரு."

தலையைக் குனிந்துகொண்டு மறுபடி ஏறினேன்.

மேட்டில் நூற்றுக்கணக்கான கற்கள் கிடந்தன, எல்லாம் மழை கழுவி ஒரே வெள்ளை. கிழக்குப் பக்கம் வைத்தது மட்டும் நினைவிருந்தது.

"எதுங்க உங்க கல்லு?"

குனிந்து தேடினேன். தெரியவில்லை. கடைசியில் கைக்கு அகப்பட்ட ஒன்றைத் தூக்கி, "இதுதான்க்கா" என்றேன். அந்த இடத்திலும் பொய்.

அக்கா கல்லைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தார்.

"அவரும் இந்தப் பக்கந்தானுங்களே வெச்சாரு. அது அவரு கல்லா இருந்துட்டா?"

அந்த மனுஷனுக்கு இருந்த ஒரே சாட்சியை நான் தூக்கி எறியப் பார்த்திருக்கிறேன். எடுத்த இடத்திலேயே கல்லை வைத்தேன்.

"கல்லு கெடக்கட்டுமுங்க" என்றார் அக்கா. "உங்கப்பாரு இருக்காருல்ல? அவருகிட்டப் போயி வாயால சொல்லுங்க. ஊருக்குள்ளயும் சொல்லுங்க."

அவர் இறங்க ஆரம்பித்துவிட்டார். அப்பாவுக்கு எண்பத்திரண்டு வயது. "என் மகன் வைத்த கல் உருளவே இல்லை" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடம் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.