நாற்பத்தொரு நாள்: அண்ணி திருத்திய பிரதி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை என்னுடையதல்ல, அண்ணியுடையது. பக்கவாதத்தில் பேச்சு போனவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் மையத்தில் அவள் பதினோரு வருடமாகப் பதிவு எழுத்தர். ஒருநாள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள். நான் காது கொடுத்ததோடு நிற்காமல் பேனாவையும் எடுத்துவிட்டேன்.

'காத்திருப்பு என்பது காலத்தின்...' (அடித்தாயிற்று. அண்ணி இப்படிப் பேசமாட்டாள்.)

'அந்தக் கூடத்தில் பத்து நாற்காலிகள்...' (நாற்காலிக்கு என்ன வந்தது?)

நேராகவே சொல்கிறேன். மையத்துக்கு முதல் தடவை போன் செய்கிற நாளுக்கும், பயிற்சியாளர் முன்னால் போய் உட்காருகிற நாளுக்கும் நடுவே சராசரியாக நாற்பத்தொரு நாள். பக்கத்து ஊர் மையத்தில் ஆறே நாள். அங்கேயும் பயிற்சியாளர்கள் மூன்று பேர்தான்.

தலைமை மருத்துவர் அண்ணியைக் கூப்பிட்டார். "ரெண்டு நாள் அங்க போய் உட்காருங்க. அவங்க எப்படிச் செய்றாங்க, நாம எப்படிச் செய்றோம், ஒவ்வொரு படியா ஒப்பிட்டு எழுதிட்டு வாங்க."

அண்ணிக்குச் சுருக்கென்றது. இத்தனை வருடம் குடும்பம் நடத்தியவளை அடுத்த வீட்டு அடுப்பைப் பார்த்துவிட்டு வா என்றால் எப்படி இருக்கும்?

2

அங்கே பதிவு மேசையில் இருந்தவர் ஒரு சுருட்டை முடிக்காரர். அண்ணி பக்கத்தில் நாற்காலி போட்டு, மணி பார்த்துப் பார்த்து எழுதினாள். ஒருவர் தன் அப்பாவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். சுருட்டை முடிக்காரர் பெயரையும் போன் நம்பரையும் மட்டும் கேட்டார். "திங்கட்கிழமை பத்து மணிக்கு வாங்க" என்றார். நான்கு நிமிடம்.

"மத்த தாளெல்லாம்?" என்றாள் அண்ணி.

"எதுங்க?"

"பழைய மருத்துவச் சீட்டு, பரிந்துரைக் கடிதம், முகவரிச் சான்று... எங்க படிவத்துல ஏழு தாள் கேட்போம். ஏழும் சேர்ந்தாத்தான் தேதி."

"நாங்களும் வாங்குவோம். பயிற்சி நடக்கும்போது ஒவ்வொண்ணா கொண்டுவந்து குடுப்பாங்க. ஆளே வந்து நிக்கிறப்ப தாளுக்காகத் திருப்பி அனுப்புவாங்களா?"

அவர் குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார். அதுதான் அதிகம் வலித்தது.

திரும்பி வந்து அண்ணி கணக்குப் போட்டாள். நாற்பத்தொரு நாளில் இருபத்தொன்பது நாள் தாள் சேர்ப்பதிலேயே போயிருந்தது. அலைந்து அலுத்தவர்களில், தேதி கிடைத்த பிறகும் மூன்றில் ஒருவர் வரவில்லை. வெளியே ஜனங்கள் காத்துக்கிடக்க, உள்ளே பயிற்சியாளர் காலி அறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

(பக்கவாதம் வந்த முதல் சில மாதங்களில் பேச்சு மீள்வதற்கு வாய்ப்பு அதிகம் என்று அண்ணி சொன்னாள். இதை அடிக்குறிப்பாகத்தான் போட நினைத்தேன். அவ்வளவு சின்ன எழுத்தில் போட மனசு வரவில்லை.)

3

இந்த இடத்தில் நான் ஒரு திருட்டுத்தனம் செய்தேன். ஏழு தாள் விதியைப் போட்டவர் தலைமை மருத்துவர் என்று எழுதினேன். மேலதிகாரி மேல் பழி போட்டால் கதை எளிதாக நகரும். அண்ணி படித்தாள். கண்ணாடியைக் கழற்றினாள்.

"தம்பி, இதை மாத்து. அந்தப் படிவம் நான் போட்டது."

"அண்ணி?"

"ஒன்பது வருஷம் முன்னாடி ஒருத்தரோட கோப்பு தொலைஞ்சுபோச்சு. எல்லார் முன்னாலயும் திட்டு வாங்கினேன். இனிமே ஒரு தாள் குறையக் கூடாதுன்னு ராத்திரி பகலா உட்கார்ந்து எழுதினேன். எல்லாரும் பாராட்டினாங்க."

அந்தக் கணக்கை மையத்தில் எல்லார் முன்னும் வைத்த கூட்டத்தில் அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. எழுந்து நின்று, "இருபத்தொன்பது நாளுக்குக் காரணம் என் படிவம்" என்றாள். "அதுல கையெழுத்துப் போட்டது நான்தானே" என்றார் தலைமை மருத்துவர். அன்றே விதி மாறியது.

(இவரை வில்லனாக்கப் பார்த்தேனே!)

4

அண்ணி அதோடு விடவில்லை. தாள் குறைவு என்று அந்த வருடம் திருப்பி அனுப்பிய அறுபத்திரண்டு பேரையும் போனில் கூப்பிட்டாள். அவர்களில் ஒருத்தி, பேச்சு போன ஒரு தையல்காரரின் மனைவி. மூன்று தடவை வந்து மூன்று தடவையும் திரும்பிப் போனவள்.

"இன்னும் என்ன தாள் வேணும்?" என்றாள் எடுத்த எடுப்பில்.

"ஒண்ணும் வேணாம்மா. அவரைக் கூட்டிட்டு வாங்க."

"எப்போ?"

"நாளைக்கு."

வந்தார்கள். அவருக்குப் பக்கவாதம் வந்து ஐந்து மாதம் ஓடியிருந்தது. பயிற்சியாளர் பரிசோதித்துவிட்டு வெளியே வந்து அண்ணியிடம் தணிந்த குரலில், "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா..." என்று தொடங்கி, முடிக்காமல் உள்ளே போய்விட்டார்.

இப்போது அண்ணியின் மையத்தில் காத்திருப்பு ஒன்பது நாள். 'தையல்காரர் தன் மனைவியின் பெயரைச் சொல்லி...' (இல்லை. சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. பயிற்சி இன்னும் நடக்கிறது.)

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அன்று கிளம்பும்போது அந்த மனைவி மேசைக்கு வந்து அண்ணியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "யாரோ போட்ட விதிக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? நீங்களா கூப்பிட்டீங்களே, அதுவே பெரிசு. நல்லா இருப்பீங்க" என்றாள்.

அண்ணி என்ன பதில் சொன்னாள் என்று இரண்டு தடவை கேட்டுவிட்டேன். துணியை மடித்துக்கொண்டே இருக்கிறாள். கீழே நான்கு வரி இடம் விட்டிருக்கிறேன். அந்தக் கைகள் இன்னும் உங்கள் கைகளைப் பிடித்திருப்பதாக வைத்துக்கொண்டு, நீங்களே எழுதுங்கள்.