இல்லாத அக்கா

"இந்தத் தொழிலை ஏன் ஆரம்பிக்கிறீங்க?" என்று புதுத்தொழில் போட்டியின் நடுவர் அம்மா கேட்டதும் நெட்டை மேடையிலேயே கண் கலங்கினான்.

"என் அக்காவுக்குக் காது கேக்காது மேடம். வாசல்ல பெல் அடிச்சா அவளுக்குத் தெரியணும்னுதான்."

அரங்கமே கை தட்டியது. பக்கத்தில் நின்ற சிஐடிக்கு மட்டும் கை எழவில்லை. எதையும் துருவித் துருவிக் கேட்பதால் வகுப்பில் அவளுக்கு அந்தப் பெயர். கதவு பெல் அடித்தால் கையில் அதிரும் பட்டை ஒன்றை இருவரும் சேர்ந்து செய்திருந்தார்கள். படிப்பு முடிந்ததும் அதுதான் தொழில். நெட்டை வீட்டுக்கு அவள் எத்தனையோ தடவை போயிருக்கிறாள். அம்மா, பிள்ளை, இரண்டே பேர். நடுவில் இந்த அக்கா எங்கிருந்து முளைத்தாள்?

கேட்டால் மழுப்பினான். "பெரியம்மா பொண்ணு. தூரத்துல இருக்கா."

"எந்த ஊர்ல?"

"அதெல்லாம் இப்ப எதுக்கு?"

ஊர் முன்னால் வாய் கூசாமல் புளுகியவன் நாளைக்குத் தன் தலையில் மிளகாய் அரைக்கமாட்டான் என்று என்ன நிச்சயம்? அவன் வீட்டுக்கு அவள் போகும்போதெல்லாம் வாசலிலேயே காத்து நிற்பான். முன்பு மரியாதையாகத் தெரிந்தது இப்போது மறைப்பாகத் தெரிந்தது. அக்காவை நேரில் பார்க்க வேண்டும் என்று நடுவர் அம்மா சொல்லி அனுப்பியதும் அவன் முகம் பேயறைந்தாற்போல் ஆனது.

அம்மாவையே கேட்டுவிடலாம் என்று அவனிடம் சொல்லாமல் கிளம்பினாள். பெல்லை அழுத்தினாள். ஜன்னல் வழியே அம்மா தெரிந்தாள். முதுகைக் காட்டி உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். மறுபடி அழுத்தினாள். கதவைத் தட்டினாள். அம்மா திரும்பவே இல்லை. தாயும் பிள்ளையும் கூட்டு என்று கொதித்துப்போய், "அம்மா!" என்று கத்தினாள். ஊசி நிற்கவில்லை.

அப்போதுதான் சுருக்கென்றது.

"கத்தாத. பக்கத்து வீட்டம்மாவுக்கும் எங்கம்மா வேலை பாக்குற அதே ஃபேக்டரிதான்." பால் பாக்கெட்டோடு பின்னால் நெட்டை நின்றான்.

"அக்கா இல்ல, அம்மாதானே?"

"ஆமா. தையல் மெஷின் இரைச்சல்ல காது போயிருச்சு. சூப்பர்வைசரோட உதட்டைப் பார்த்தே அம்மா சமாளிக்குது. தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. இல்லாத அக்காவை யாரு வேலையை விட்டுத் தூக்கப்போறாங்க?"

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல? உன்னை நம்பலாமான்னு தவிச்சுட்டேன்."

"அம்மா சத்தியம் வாங்கிருச்சு."

அவள் பெருமூச்சு விட்டாள். "இல்லாத ஆளைக் கூட்டிட்டுப் போய் நிறுத்த முடியாது. போட்டி வேண்டாம். நாமளே வித்துக்கலாம்."

தலையாட்டிவிட்டு அவன் திருப்பிக் கேட்டான். "சரி, கிடைச்ச வேலையை உதறிட்டு நீ ஏன் இதுல வந்தே? எனக்கும் சந்தேகம் வராதா?"

"அந்த வேலை மாமா ஆபீஸ்ல. அவர் கண்ணு முன்னாலயே உக்கார வைக்கணும்னு அப்பாவுக்கு ஆசை. அதுக்குப் பயந்துதான்."

"இதை மேடையில சொல்லியிருக்கலாமே!"

"முன்வரிசையில எங்கப்பா உக்காந்திருந்தார்டா."

மறுநாளே விலகினார்கள். பரிசு வேறு யாருக்கோ போனது. முதல் பட்டையை வாங்கியவர் ஒரு முடிதிருத்துபவர். அவர் வீட்டில் எல்லோருக்கும் காது நன்றாகக் கேட்கும். கைக்குழந்தை தூங்கும்போது பெல் சத்தம் ஆகாதாம், அவ்வளவுதான்.