மூன்று விரல் இடைவெளி

லாம்பெர்ட் மண்டியிட்டு அவளுடைய காலுறையை உருவியபோது ரோஸ்விதாவுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. பிரிந்து நான்கு வருடமான கணவன். பனிச்சறுக்கு பூட்ஸைக் காலுக்குத் தக்கபடி சரிசெய்யத் தெரிந்த ஆள் இந்தப் பள்ளத்தாக்கிலேயே அவன் ஒருவன்தான் என்பது அவள் தலையெழுத்து. இரண்டு மலை தாண்டி வேறு ஒருவரிடம் போக இனி நேரமில்லை. நாளை சனிக்கிழமை, காலை ஒன்பது மணிக்குத் தேர்வு.

அரசாங்கப் பனிச்சறுக்கு ஆசிரியர் தேர்வில் மற்றதெல்லாம் தேறிவிட்டாள். கடிகார ஓட்டம் ஒன்றுதான் பாக்கி. கொடிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்கி, குறித்த நேரத்துக்குள் அடிவாரக் கோட்டைத் தாண்ட வேண்டும். மூன்று வாய்ப்புதான். முதல் தடவை விழுந்தாள். இரண்டாம் தடவை முக்கால் விநாடியில் போயிற்று. முப்பத்தெட்டு வயதுக்காரி முக்கால் விநாடிக்காகக் கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து அழுதாள் என்றால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அவர்களுக்கென்ன. தேறினால் மேற்கே மூன்று மணி நேரத் தொலைவில் ஒரு சறுக்குப் பள்ளியில் வருடம் முழுக்க வேலை, கூடவே இரண்டு அறை வீடு. வீடு கிடைத்தால் மகள் லேனி அம்மாவோடு இருக்கலாம் என்று நீதிமன்றத்தில் எழுதியே கொடுத்தாகிவிட்டது. இப்போது அவளுக்கு இருப்பது பணியாளர் விடுதியில் ஓர் அடுக்குக் கட்டில். எட்டு வயதுப் பிள்ளையை அதில் எங்கே படுக்க வைப்பது? அதனால் லேனி இந்தக் கடைக்கு மேலே, அப்பாவோடு இருக்கிறாள். ஈரல் உருண்டை சூப்பின் வாசனை மாடிப்படி வழியாக இறங்கிக்கொண்டிருந்தது.

ரோஸ்விதா தேறினால் பிள்ளையை இழக்கப்போகிறவன் எவனோ, அவன் உள்ளங்கையில்தான் இப்போது அவள் குதிகால் இருந்தது.

"முன்பக்கம் இறுக்குது லாம்பெர்ட். இருபதாவது கொடிக்குள்ள பாதம் மரத்துப் போயிடுது. கீழ இருக்கிறது பனியா பஞ்சான்னே தெரியல. சூடு காட்டி விரிச்சுக் குடு, அது போதும்."

அவன் பூட்ஸின் உள்ளுறையை இழுத்து வெளியே எடுத்தான். வெறும் பிளாஸ்டிக் கூடு மட்டும் மிஞ்சியது. "உள்ள கால விடு. விரல் முன்னால முட்டணும்," என்றான். அவள் விட்டாள். குதிகாலுக்குப் பின்னால் தன் விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நுழைத்தான்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு. பந்தயத்துக்கு ஒரு விரல் போதும். இதுல என் மத்தியானச் சாப்பாட்டையும் சேத்து வெக்கலாம்."

"என்ன சொல்ற?"

"சின்னது இல்ல, ரோசி. பெருசு. கால் உள்ள வழுக்குது, நீ கொக்கிய இறுக்குற. இன்னும் வழுக்குது, இன்னும் இறுக்குற. ரத்தம் எப்படி ஓடும்?"

அவளுக்குச் சுருக்கென்றது. வாரத்துக்குப் பத்துத் தடவை சுற்றுலாக்காரர்களிடம் அவளே சொல்கிற விஷயம் இது. ஊருக்கு உபதேசம். பத்துக் குளிர்காலமாகக் குட்டிச் சரிவில் பிள்ளைகளோடு காலை ஒன்பதிலிருந்து நான்கு வரை நிற்கிறாள். அப்படி நிற்கிற ஆசிரியைகள் எல்லோரும் செய்வதுதான்: ஒரு அளவு கூடுதலாக வாங்கி, கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி மாட்டிக்கொள்வது. யாரும் வெளியே சொல்வதில்லை. சின்ன வயதில் தோலோடு தோலாகப் பூட்ஸ் போட்டுப் பந்தயம் விட்டவள், எந்த வருடம் இப்படி மாறினாள் என்பதே அவளுக்கு மறந்துவிட்டது.

அவன் அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு ஜோடியை இறக்கினான். பந்தயக் கூடு, ஒரு அளவு சின்னது.

"பைத்தியமா உனக்கு? பரீட்சைக்கு முதல் நாள் புது பூட்ஸ் போட்டு எவளாவது உருப்பட்டிருக்காளா?"

"தெரியும்."

தெரியும்தான். இந்தப் பள்ளத்தாக்கில் நடக்கத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். அவளைத் தோற்கடிப்பது அவனுக்கு எத்தனை சுலபம்! ஒரு இடத்தில் கொஞ்சம் கூடுதலாக அழுத்திவிட்டால் போதும், யாருக்கும் தெரியாது, அவளுக்கே தெரியாது.

"நான் தோத்தா உனக்குத்தானே லாபம்," என்று கேட்டே விட்டாள்.

அவன் கை நின்றது. "ஆமா," என்றான். பிறகு, "மெதுவாப் பேசு. மேல அவ வீட்டுப்பாடம் எழுதிட்டிருக்கா."

மேசை இழுப்பறையிலிருந்து ஓர் உதட்டுச் சாயத்தை எடுத்து அவள் கணுக்கால் எலும்பின்மேல் சிவப்பாகப் பொட்டு வைத்தான்.

"யாரோடது அது?"

"கடையோடது. பொறாமைப்படாத."

சிரிப்பு வந்தது அவளுக்கு. வந்ததற்காகத் தன்மேலேயே எரிச்சலும் வந்தது. காலைக் கூட்டுக்குள் விட்டு எடுத்தபோது சாயம் உள்ளே ஒட்டியிருந்த இடத்தைச் சூடு காட்டி, இரும்புக் குமிழால் வெளிப்பக்கம் நெம்பினான். பிளாஸ்டிக் நாற்றம் சூப்பின் வாசனையை விழுங்கியது. ஆறியதும் மெல்லிய காலுறை ஒன்றைக் கொடுத்து, பூட்ஸை மாட்டிவிட்டு, கால் மணி நேரம் உட்காரக் கூடாது என்றான்.

"விரல் முட்டுது."

"நேரா நின்னா முட்டணும். முட்டிய மடக்கு."

மடக்கினாள். விரல்கள் பின்வாங்கின. குதிகால் போய் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை. இதமாக இருந்தது, அதுதான் பயமாகவும் இருந்தது. கம்பளத்தின்மேல் இதமாக இருப்பதை நம்பி யாராவது மலையிறங்குவார்களா?

கால் மணி நேரம் முடிகிற வரை அவன் முதுகைக் காட்டிக்கொண்டு குப்பையைக் கூட்டினான். கூட்டிக்கொண்டே சொன்னான்: "லேனிக்கு அடுத்த வருஷம் கால் வளந்திருக்கும். அங்க கடைக்காரன் ரெண்டு அளவு பெருசா குடுப்பான், ரெண்டு வருஷம் வரும்பான். கேக்காத. உள்ளுறைய எடுத்துட்டுக் கூட்டுக்குள்ள கால விடச் சொல்லு. பின்னால ஒரு விரல், மிஞ்சிப் போனா ஒன்றரை. மறந்துடாத."

அவள் கதவருகே நின்றாள். இப்படி ஒருவன் பேசினால் அவனை நம்பத் தோன்றும். நம்ப வைக்கத்தான் பேசினானோ என்றும் தோன்றியது. பாவி, நான்கு வருடத்துக்குப் பிறகும் அவன் எப்படிப்பட்டவன் என்று பிடிபடவில்லை. நன்றி சொல்லாமலே வெளியேறினாள்.

காலையில் பழைய பூட்ஸைப் போட்டுக்கொண்டு, புதியதைப் பையில் வைத்துக்கொண்டுதான் மேலே போனாள். மேலே போய் முடிவு செய்யலாம் என்று நினைத்தாள். முடிவு வரவில்லை. அவளுக்கு முன்னால் ஆறு பேர், நான்கு பேர் என்று குறைந்துகொண்டே வந்தது. பாதம் வழக்கம்போல் இப்போதே விறைக்கத் தொடங்கியிருந்தது. இப்படியே போனால் முக்கால் விநாடிகூட இல்லை, ஒன்றரை விநாடி போகும், லேனி போவாள். பனியில் பொத்தென்று உட்கார்ந்து பழையதைக் கழற்றி எறிந்தாள். புதியது குளிரில் கல்லாகியிருந்தது, வாயே திறக்கவில்லை. இரண்டு கையாலும் பிளந்து, "போ, போடி உள்ள, உன் காலப் பிடிச்சிக்கிறேன், போ," என்று தன் பாதத்திடமே கெஞ்சினாள். கண்ணீர் மூக்கு நுனியில் உறைந்தது. தொடங்கி வைப்பவர் அவளுடைய எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டார்.

எழுந்து நின்றதும் விரல்கள் சுவரில் இடித்தமாதிரி முட்டின. அய்யோ, கெடுத்துவிட்டானே என்று ஒரு கணம் நினைத்துவிட்டாள். சறுக்குப் பலகைகளை மாட்டி, தொடக்கக் கம்பியை நோக்கி நகர்ந்து, முட்டியை மடக்கினாள். கண்ணை மூடிக்கொண்டு, விரல்கள் பின்வாங்கினவா என்று தேடினாள்.

"பத்து விநாடி," என்றார் அவர்.

கண்ணைத் திறந்தாள். கீழே, பதினைந்தாவது கொடிக்குப் பக்கத்தில் வேலியோரமாக லேனியின் சிவப்புத் தொப்பி தெரிந்தது. அது இங்கே பார்த்துக் கையை ஆட்டியது. அதன் பக்கத்தில் இருந்தவன் ஆட்டவில்லை, நிமிர்ந்தே பார்க்கவில்லை. பனியில் மண்டியிட்டு, தலை குனிந்து, சிவப்புத் தொப்பியின் பூட்ஸ் கொக்கியை ஒரு பல் தளர்த்திக்கொண்டிருந்தான்.